ஆந்திர மழை, தமிழக வெள்ளம்: சில மணி நேரத்தை மீட்டுத் தருமா கணினி?

புது தில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் கனமழை பெய்தால், அடுத்த சில மணி நேரத்தில் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களை வெள்ளம் நெருங்கிவிடும். அந்தக் குறுகிய அவகாசத்தில் எந்த ஊர் மூழ்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல, கணினி மென்பொருளும் செயற்கைக்கோள் படங்களும் இன்று துணை நிற்கின்றன.

தமிழக எல்லையை ஒட்டிய நகரி, விஜயபுரம் வட்டாரங்களின் மழைநீர், நகரி ஆற்றின் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால், அதன் உபரிநீரும் பள்ளிப்பட்டு வழியாக வந்து சேர்கிறது. 2021 நவம்பரில் இப்பகுதி பெருவெள்ளத்தைச் சந்தித்தது. அம்மாதம் 19-ம் தேதி, அருகிலுள்ள கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் அன்னமய்யா அணை உடைந்து பலர் உயிரிழந்தனர்.

வெள்ளக் கணிப்பு இரு கட்டங்களாக நடைபெறுகிறது. பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆற்றுக்கு ஓடிவரும் என்பதை மண்ணின் தன்மை, நிலத்தின் சாய்வு, பயிர்ப் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு 'ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ்.' மென்பொருள் கணக்கிடுகிறது. அந்த நீர் எவ்வளவு உயரத்துக்கு எழும், எங்கெல்லாம் பரவும் என்பதை 'ஹெச்.இ.சி.-ராஸ்' காட்டுகிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய இவ்விரண்டையும் இலவசமாகவே பெறலாம்.

கணிப்பு சரிதானா என்பதற்குச் சாட்சி செயற்கைக்கோள். மேகம் மூடிய நாளில் சாதாரணப் படங்கள் உதவா. ரேடார் அலைகளோ மேகத்தை ஊடுருவும். தேங்கிய நீர் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஹைதராபாதிலுள்ள தேசிய தொலையுணர்வு மையம் இவ்வாறே வெள்ளப் பரப்பை வரைபடமாக்குகிறது.

1958-ல் தில்லி யமுனை பழைய ரயில் பாலத்தில் வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கிய மத்திய நீர் ஆணையமும், புணேயின் சி-டாக் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'சி-ஃபிளட்' இணையதளம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. கிராம அளவில் இரு நாள்களுக்கு முன்பே எச்சரிக்கும் இத்திட்டத்தில் மகாநதி, கோதாவரி, தபதி ஆகிய பெரிய ஆறுகளே முதலில் இடம்பெற்றன.

பெரிய ஆற்றில் வெள்ளம் வந்துசேர நாள்கணக்கு ஆகும். கொசஸ்தலை போன்ற சிற்றாறுகளில் அந்த அவகாசம் இல்லை. மேல்பகுதியின் மழையளவும், அணை மதகுகள் திறக்கப்படும் நேரமும் அண்டை மாநிலத்துக்கு உடனுக்குடன் கிடைத்தால்தான் கணினிக் கணக்கு எச்சரிக்கையாக மாறும். தாமதமாகக் கிடைத்தால், அது வெள்ளம் வடிந்தபின் எழுதப்படும் அறிக்கையாகவே முடியும்.