வாக்கும் ஒப்பந்தமும்

காலையில் கண் விழித்ததும் வாசலில் பால்காரர் பால் ஊற்றிவிட்டுப் போகிறார். மாதக் கடைசியில் அம்மா கணக்குத் தீர்ப்பார். பிறகு நாம் பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்குகிறோம். வழியில் தையற்கடையில் எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கிழமை பாவாடை கிடைத்துவிடுமா, அண்ணா?" என்று கேட்கிறோம். "கட்டாயம் கிடைக்கும், பாப்பா" என்ற விடையும் வருகிறது. பள்ளி மணி அடிப்பதற்குள் இப்படி மூன்று ஒப்பந்தங்களைக் கடந்து வந்துவிட்டோம். முத்திரைத்தாளும் வழக்கறிஞரும் சாட்சிகளும் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று எண்ணியிருக்கும் தோழியருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

நம் நாட்டில் இவற்றையெல்லாம் ஆள்வது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளன்று அது நடைமுறைக்கு வந்தது. பொருள் விற்பனை பற்றிய பகுதி 1930இலும், கூட்டாண்மை பற்றிய பகுதி 1932இலும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து சென்றன. எஞ்சியது இன்றும் பெரும்பாலும் அன்று எழுதியபடியே நிற்கிறது. சட்ட நூல் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒவ்வொரு விதிக்கும் கீழே சிறு சிறு எடுத்துக்காட்டுகளைத் தந்து, ஒரு நல்ல ஆசிரியை பாடம் நடத்துவது போலவே அச்சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் சில சொற்களை அறிந்துகொள்வோம். ஒருவர் ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ தாம் ஆயத்தமாக இருப்பதை, மற்றவரின் இசைவைப் பெறும் நோக்குடன் தெரிவிப்பது முனைவு. மற்றவர் அதற்கு இசைவு கூறுவது ஏற்பு. ஏற்கப்பட்ட முனைவே வாக்குறுதி ஆகிறது. ஒரு வாக்குறுதிக்கு ஈடாக மறுபக்கத்திலிருந்து வருவது மறுபயன். பழைய பத்திரங்களில் இதனைப் பிரதிபலன் என்று எழுதுவார்கள். இவை சேர்ந்தால் உடன்பாடு. அந்த உடன்பாட்டைச் சட்டத்தின் துணைகொண்டு நிறைவேற்ற முடியுமானால் மட்டுமே அதற்கு ஒப்பந்தம் என்று பெயர். ஆகவே எல்லா ஒப்பந்தங்களும் உடன்பாடுகளே. எல்லா உடன்பாடுகளும் ஒப்பந்தங்கள் ஆகிவிடா. வழக்குகள் பலவும் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

ஏற்பு என்றால் முனைவை அறிந்து ஏற்பது. இதற்கு 1913ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்வார்கள். கான்பூரில் கௌரி தத் என்பவருடைய தம்பி முறையோர் மகன் ஒருவன் வீட்டைவிட்டு ஓடிப்போனான். அவரிடம் கணக்கராக இருந்த லால்மன் சுக்லா, பையனைத் தேடி ஹரித்துவாருக்கு அனுப்பப்பட்டார். அவர் போன பிறகு, பையனைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு 501 ரூபாய் பரிசு என்று இங்கே துண்டறிக்கை அச்சிட்டார்கள். லால்மன் இதை அறியாமலே ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னாளில் வேலை போனதும், அந்தப் பரிசுத் தொகையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார், தோற்றார். தெரியாத முனைவை ஒருவர் எப்படி ஏற்க முடியும் என்பது மன்றத்தின் கேள்வி. அலைந்து திரிந்து பையனைக் கொண்டுவந்து சேர்த்தவர் மேல் நமக்கு இரக்கமே வருகிறது. ஆனாலும் விதி அதுதான்.

மறுபயனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நம் சட்டத்தின்படி, வாக்குறுதி பெற்றவரே மறுபயனையும் தந்திருக்க வேண்டும் என்பதில்லை, வேறொருவரும் தரலாம். சென்னை உயர் நீதிமன்றம் 1882இல் தீர்த்த சின்னய்யா வழக்கில், ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். தன் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரவேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அவ்வாறே எழுதிக் கொடுத்தாள். பிறகு, "எனக்கு நிலம் தந்தது என் தாய், நீங்கள் எனக்கு ஒன்றும் தரவில்லையே" என்று வாதாடினாள். தாய் தந்த நிலமே போதுமான மறுபயன் என்று மன்றம் கூறிவிட்டது.

இனிக் குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சுக்கு வருவோம். "முதல் மதிப்பெண் வாங்கினால் கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன்" என்று அப்பா சொல்கிறார். மதிப்பெண்ணும் வந்துவிட்டது, கடிகாரந்தான் வரவில்லை. நாம் நீதிமன்றம் போக முடியுமா? இதற்கு விடை தேடினால் இலங்கைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே நீர்ப்பாசனத் துறையின் தலைமைப் பதவியில் இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், விடுமுறையில் மனைவியுடன் இங்கிலாந்து சென்றார். மனைவியின் உடல்நலம் கருதி அவரை அங்கேயே விட்டுவிட்டு, மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொல்லி, 1916இல் தாம் மட்டும் இலங்கை திரும்பினார். பிறகு மனங்கள் பிரிந்தன. மனைவி தொடுத்த வழக்கில் 1919ஆம் ஆண்டு இங்கிலாந்து மேல்முறையீட்டு மன்றம் கணவர் பக்கமே தீர்ப்பளித்தது. அன்பாக வாழும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் ஏற்பாடுகளில், சட்டத்தால் கட்டுண்போம் என்ற எண்ணம் இருவருக்கும் இருப்பதில்லை என்பது காரணம்.

அன்பு இருந்ததால் அந்தப் பெண்மணி தோற்றார். கல்கத்தாவிலோ அன்பு இல்லாததால் ஒரு பெண் தோற்றார்! மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்பது பொது விதி. நெருங்கிய உறவினருக்குள், இயல்பான அன்பின் காரணமாக, எழுதிப் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டும் செல்லும் என்று நம் சட்டத்தின் 25ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ராஜலக்கி தேவியின் கணவர், தம் இருவருக்கும் இடையே இருந்த சச்சரவுகளையெல்லாம் குறிப்பிட்டு, மனைவியின் தனிக் குடியிருப்புக்கும் பிழைப்புக்கும் பணம் தருவதாகப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்தார். பிறகு தரவில்லை. சச்சரவைச் சொல்லும் பத்திரத்தில் அன்பு எங்கே என்று கேட்டு, 1900ஆம் ஆண்டு கல்கத்தா உயர் நீதிமன்றம் மனைவியின் வழக்கைத் தள்ளிவிட்டது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்குச் சிறிது கோபமும் வரத்தான் செய்கிறது. மனைவிக்குரிய ஜீவனாம்சத்தை ஒப்பந்தச் சட்டத்தில் தேடாமல், அதற்கென்றே உள்ள வேறு சட்டங்களின் வழியே கேட்க இன்று இடம் உண்டு.

அடுத்து, ஒப்பந்தம் செய்யத் தகுதி உடையவர் யார் என்பதைப் பார்ப்போம். வயது வந்தவர், தெளிந்த மனம் உடையவர், வேறு சட்டத்தால் விலக்கப்படாதவர் எவராயினும் செய்யலாம் என்கிறது 11ஆம் பிரிவு. அதில் ஆண், பெண் என்ற பிரிவினை இல்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை திருமணமான பெண் பொதுவாகத் தன் பேரில் ஒப்பந்தம் செய்ய முடியாமல் இருந்தது.

வயது வருதல் என்பது 18 நிறைதல். அதற்கு உட்பட்டவரைச் சட்டம் இளவர் என்கிறது. கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ் கோஷ், இளவராக இருந்தபோதே 1895இல் தம் வீடுகளை அடமானமாக எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். அவ்வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை போயிற்று. இளவர் செய்த உடன்பாடு தொடக்கமுதலே இல்லாததற்குச் சமம் என்று 1903இல் அம்மன்றம் கூறியது; அவர் பெற்ற பணத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிடவும் மறுத்தது. அப்படியானால், காலையில் நாம் வாங்கிய பேருந்துச் சீட்டின் கதி என்ன? கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் நம்மைக் கட்டும் ஒப்பந்தம் அன்று! கைபேசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைப் பதினாறு வயதில் நாம் அழுத்துவதும் அப்படியே. வயது வந்தவருக்கோ அந்த ஒரு தொடுகையே கையெழுத்துக்கு நிகராகிவிடலாம். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமற் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுகிறது.

தகுதி இருந்தும் சம்மதம் மெய்யான சம்மதமாக இல்லாமற் போகலாம். வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு, பிழை ஆகியவற்றால் விளைந்த சம்மதத்தைச் சட்டம் சுதந்திரமான சம்மதமாகக் கொள்வதில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது சென்னை உயர் நீதிமன்றத்தில் 1889ஆம் ஆண்டு தீர்ப்பான ரங்கநாயகம்மாள் வழக்கு. கணவனை இழந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 13. நம்மில் எட்டாம் வகுப்பில் படிப்பவர்களின் வயது. பிணம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைக் காட்டி, இவனைத் தத்து எடுத்துக்கொண்டால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர் தடுத்துவிட்டார்கள். அவள் இசைந்தாள். வேறென்ன செய்வாள்? அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று மன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு தத்தெடுப்பைப் பற்றியதே ஆனாலும், சுதந்திரமான சம்மதம் எது என்று விளக்க ஒப்பந்தச் சட்ட நூல்கள் இதையே எடுத்துச் சொல்கின்றன.

கத்தியைக் காட்டினால்தான் வற்புறுத்தல் என்பதும் இல்லை. நீங்கள் கையெழுத்திடாவிட்டால் நான் உயிரை விட்டுவிடுவேன் என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் சொத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் தம் சகோதரருக்குக் கொடுத்தார் ஒருவர். அதுவும் வற்புறுத்தலே என்று 1917இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் முடிவு செய்தனர். முதுமையாலும் நோயாலும் மனத்துன்பத்தாலும் தளர்ந்திருப்பவரிடம் தம் செல்வாக்கைக் காட்டி எழுதி வாங்குவது தகாத செல்வாக்கு. பாட்டியின் பெருவிரலை மைப்பெட்டியில் தோய்த்துத் தாளில் பதிக்க வைக்கும் காட்சி நமக்குப் புதியதன்று. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரேனும் படித்துக் காட்டினார்களா என்று மன்றம் கேட்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இளவரின் உடன்பாடு செல்லாதது. அதற்கு உயிரே இல்லை. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்றதோ தவிர்க்கத்தக்கது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதைத் தள்ளலாம், விரும்பினால் நிலைநிறுத்தலாம். அந்த உரிமை அவருக்கு மட்டுமே உரியது, மிரட்டியவருக்கு இல்லை. அவர் வாய் திறக்காமல் இருக்கும்வரை பத்திரமும் உயிரோடு இருக்கும்.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டால், பொதுவாக வேண்டியதில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு ஆகியவற்றின் விற்பனை போன்றவற்றுக்குத்தான் எழுத்தும் பதிவும் கட்டாயம். தையற்காரர் வாயால் சொன்ன வெள்ளிக்கிழமையும் வயது வந்தவரிடம் சொன்னதானால் அவரைக் கட்டும். ஆகவே துணியைக் கொடுக்க நாம் அம்மாவை அழைத்துப் போனது நல்லதாயிற்று.

வாக்குத் தவறினால் இழப்பீடு உண்டு. ஆனால் எவ்வளவு? இதற்கும் ஒரு தையற்காரர் கதையே இருக்கிறது. கோவிந்தராவ் என்ற அவர், திருவிழா நடக்கும் ஊரில் தொழில் செய்து நாலு காசு பார்க்கலாம் என்று எண்ணித் தம் தையல் இயந்திரத்தையும் துணிகளையும் மதராஸ் ரயில்வே வழியாக அனுப்பினார். திருவிழா முடிந்த பிறகுதான் அவை வந்து சேர்ந்தன. போன லாபத்தையும் பயணச் செலவையும் கேட்டு அவர் தொடுத்த வழக்கில், 1898ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அத்தொகைகளைத் தர மறுத்தது. சரக்கை ஒப்படைத்தபோது, அது திருவிழாவுக்காகப் போகிறது என்று அவர் ரயில்வேக்குச் சொல்லவில்லை. தாமதத்தால் இயல்பாக விளையும் நட்டமும், ஒப்பந்தம் செய்யும்போதே இருவரும் அறிந்திருந்த நட்டமும் மட்டுமே கணக்கில் வரும் என்பது 73ஆம் பிரிவு.

இதைப் படித்த அன்று மாலையே அம்மாவுடன் தையற்கடைக்குப் போய், பாவாடை சனிக்கிழமை நடக்கும் ஆண்டுவிழாவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தோம்.