இரத்தக் குழாயின் உட்பூச்சு

விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களின் மேல் கண்ணாடி போன்ற வழவழப்பான பூச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் அழுக்கு பற்றிக்கொள்ளும். நம் இரத்தக் குழாய்களின் உட்புறத்திலும் அத்தகைய பூச்சு ஒன்று உண்டு. அது ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. பீங்கானின் பூச்சு உயிரற்றது. இதுவோ ஓயாமல் வேலை செய்வது.

என்ன வேலை? 1980-இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் ஒரு சோதனையை வெளியிட்டார். முயலின் தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் சேர்த்தபோது, உட்பூச்சு நன்றாயிருந்தவை தளர்ந்தன. பூச்சைத் தேய்த்து நீக்கியவை தளரவில்லை. ஆகவே, பூச்சிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெரிந்தது. இதற்காக 1998-இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

தளர்வதால் என்ன லாபம்? இங்கே இயற்பியல் வருகிறது. பாய்சுவாய் விதிப்படி, குழாயின் தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் உள்ளது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்; பாதியானால் 16 மடங்கு! (பாய்சுவாய் ஒரு மருத்துவர். பாதரச மானியால் இரத்த அழுத்தத்தை அளந்தவர். இயற்பியல் மாணவர்கள் பலருக்கு இது தெரியாது.)

இனி வில்லனைப் பார்ப்போம். ஆக்சிஜன் மூலக்கூறு கூடுதலாக ஓர் எலெக்ட்ரானைப் பெற்றால் சூப்பராக்சைடு ஆகிறது. இது நைட்ரிக் ஆக்சைடைக் கண்டவுடன் பிடித்துக்கொண்டு, செல்களைத் தாக்கும் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடும். அழுத்தம் மிகும்போது குழாய்ச்சுவரில் சூப்பராக்சைடும் மிகுகிறது. தளர்த்தும் வாயு குறைகிறது, குழாய் குறுகுகிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. செக்குமாடு போன்ற சுழற்சிதான்!

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரை போதுமே என்பீர்கள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் எதிர்பார்த்தனர். இதய நோய் அபாயமுள்ள 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2000-இல் வந்தது. வைட்டமின் ஈ மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. அதே ஆய்வில், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ராமிப்ரில் மருந்து இரண்டையும் குறைத்தது. விளம்பரங்களில் வரும் 'ஆன்டி-ஆக்சிடென்ட்' மாத்திரைகளை நம்பி, வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தால், இதைச் சொல்லி உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை தருகிறார்கள். பிரஷருக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரைகளுள் ஒன்று அம்லோடிபின். அது குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, தசையைத் தளர்த்துகிறது. ஆரம் கூடுகிறது, நான்காம் அடுக்கின் கணக்கு இப்போது நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.