டப்பாவைத் திருப்பிப் பார்த்ததுண்டா?

உலகமெல்லாம் பேர் வாங்கிய ஓர் அழகுப்பொருள் கம்பெனியை ஆரம்பித்தவர் முதலில் விற்கப் போனது புத்தகம், தெரியுமா? டேவிட் மெக்கானெல் என்று பெயர். அமெரிக்காவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் புத்தகம் விற்றவர். கதவைத் திறக்கிற பெண்மணி அப்படியே சாத்திவிடக் கூடாதே என்று, கூடவே குட்டி பாட்டிலில் செண்டு இனாம் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் புத்தகத்தைவிட இனாமுக்குத்தான் மவுசு! 1886-இல் புத்தகத்தை விட்டுவிட்டுச் செண்டுக்கே மாறிவிட்டார். கம்பெனிக்கு வைத்த பெயர் கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி. இருந்ததோ நியூயார்க்கில்! அதுதான் பின்னால் ஏவான் ஆனது.

அவருக்கு முதலில் விற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற சிற்றூரில் இருந்த திருமதி ஆல்பி. வயது 50. அமெரிக்க அரசியல் சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது 1920-இல். அதற்கு 34 வருஷம் முன்னாலேயே அந்த அம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது 2013-க்கு வாருங்கள். அதே கதவு, அதே பெட்டி, ஆனால் விற்ற சரக்கு வேறு. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கிரெக் ரென்ஃப்ரூ (பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்காதீர்கள், பெண்மணிதான்) பியூட்டிகவுண்டர் என்ற நேரடி விற்பனைக் கம்பெனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எல்லாக் கம்பெனியும் 'எங்கள் கிரீமில் இது இருக்கிறது, அது இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர்கள் 'எதெல்லாம் இல்லை' என்று பட்டியல் போட்டார்கள். நெவர் லிஸ்ட். அதாவது 'ஒருநாளும் சேர்க்க மாட்டோம்' பட்டியல். அது வளர்ந்து 1,800 பொருள்களைத் தாண்டியது! லிப்ஸ்டிக் விற்ற பெண்கள் வாஷிங்டனுக்கே போய் மக்கள் பிரதிநிதிகளைப் பார்த்து, சட்டத்தைக் கடுமையாக்குங்கள் என்று கேட்டார்கள். 2019 டிசம்பரில் ரென்ஃப்ரூவே நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார்.

சட்டம் அவ்வளவு மோசமாகவா இருந்தது? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1930-களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஒரு கண்ணிமைச் சாயம். இமையைக் கருப்பாக்கும் என்று பூசிக்கொண்டவர்களில் ஒரு பெண்ணுக்குப் பார்வையே போனது. இன்னொருவர் இறந்தே போனார். அரசால் அதைக் கடையிலிருந்து எடுக்கக்கூட முடியவில்லை! 1906-இல் போட்ட சட்டத்தில் உணவு இருந்தது, மருந்து இருந்தது, அழகுப்பொருள் மட்டும் இல்லை. 1938-இல் புதுச் சட்டம் வந்த பிறகு அதன் கீழ் முதலில் பறிமுதல் செய்த சரக்கு இதே லாஷ் லூர்தான். அந்த 1938 சட்டத்தில் அழகுப்பொருள் பகுதியைப் பெரிய அளவில் திருத்தியது எப்போது தெரியுமா? 2022 டிசம்பரில்! 84 வருஷம் கழித்து! அதுவரை ஒரு கிரீம் ஆபத்து என்று தெரிந்தாலும் 'திரும்பப் பெறு' என்று கம்பெனிக்கு உத்தரவு போட அங்கே அதிகாரம் கிடையாது. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஐரோப்பாவில் தடை செய்தவை 1,300-க்கு மேல், அமெரிக்காவில் தடையோ கட்டுப்பாடோ உள்ளவை 11. கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஐரோப்பியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னைன் இருக்கிறது, ஆர்செனிக் இருக்கிறது, நிக்கோடின் இருக்கிறது. எந்த மகராசன் இதையெல்லாம் முகப்பவுடரில் போடப் போகிறான்? எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே மிரண்டுவிட வேண்டாம் என்பது என் கட்சி.

'இயற்கை' என்ற சொல்லுக்கும் அதே கதிதான். காரீயம் இயற்கை. பாதரசமும் இயற்கை. கேரளத்தின் மலப்புரத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குச் சிவப்பழகு கிரீமில் இருந்த பாதரசமே காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்களே, அது சமீபத்துக் கதை. மறுபக்கம், சோடியம் பென்சோயேட் என்று டப்பாவில் படித்தால் பயமாக இருக்கிறதல்லவா? அதற்கு மூலமான பென்சாயிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? சாம்பிராணிப் பிசினிலிருந்து!

லிப்ஸ்டிக் சிவப்புக்கு வருவோம். சுத்தமான இயற்கைச் சிவப்பு ஒன்று உண்டு, பெயர் கார்மின். பூவா, பழமா? பூச்சி! கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் காச்சினீல் பூச்சிகளைக் காயவைத்து அரைத்து எடுப்பது. காய்ந்த பூச்சி ஒரு பவுண்டு சேர்க்கவே சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்! உங்கள் லிப்ஸ்டிக்கில் சி.ஐ. 75470 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அதுதான் இது. இந்தப் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்டு 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் சைதாப்பேட்டையிலேயே கள்ளித் தோட்டம் போட்டார்கள்! ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரின் வேலை. கள்ளி தயார். ஆனால் 1795-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ அசல் பூச்சி இல்லை, சாயம் குறைந்த மட்ட ரகம். சாயத் தொழில் படுத்துவிட்டது. சைதாப்பேட்டை மட்டும் லிப்ஸ்டிக் சரித்திரத்தில் ஓர் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டது.

போன மாதம் என் அக்கா வீட்டில் ஒரு டப்பா பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து விற்றதாம். முன்பக்கம் குங்குமப்பூ கொத்தாக மலர்ந்திருந்தது. திருப்பினேன். எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், இப்படிப் போய், நடுவில் ஃபீனாக்ஸிஎத்தனால், அதற்கும் கீழே கடைசிக்கு இரண்டு முன்னால் குங்குமப்பூச் சாறு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, தெரியுமா? பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் போடலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெடாமல் காக்கும் மருந்து. அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அப்படியானால் அதற்குக் கீழே நிற்கும் குங்குமப்பூ? 1 சதவீதம்கூடத் தாண்டாது! அக்கா டப்பாவை வாங்கி மறுபடி ஒருமுறை முன்பக்கப் படத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காக்கும் மருந்தே வேண்டாம் என்றும் சிலர் பெருமையாகப் போடுகிறார்கள். தண்ணீர் கலந்த கிரீமில் அது இல்லாவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடும்பம் நடத்தும். குளியலறை ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

பியூட்டிகவுண்டர் என்ன ஆனது? 2021-இல் 100 கோடி டாலர் மதிப்புப் போட்டு ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2024-இல் கடை மூடிவிட்டது! மூன்றே வருஷம்! மிஞ்சியதை ஆரம்பித்தவரே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த விற்பனையாளர்களின் உழைப்பை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. இந்தியாவில் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள்படி, வீட்டுக்கு வந்து விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டியே சொல்லாமலும் வரக் கூடாது. ஆள் சேர்த்து ஆள் மேல் காசு பார்க்கும் பிரமிடு திட்டத்துக்கும் தடை. அடுத்த முறை காலிங் பெல் அடித்தால் முதலில் அட்டையைக் கேளுங்கள். அப்புறம் டப்பாவை வாங்கித் திருப்புங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் போன் இருக்கவே இருக்கிறது.