அத்தான் தோளில் 9.8 கிலோ

ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் மின்தராசில் அந்த பேட்டரியை நான்தான் தூக்கி வைத்தேன். 9.8 கிலோ காட்டியது. 12 வோல்ட், 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) கார் பேட்டரி. அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் தொழில் செய்கிறவர். வள்ளத்தில் இருப்பது கையால் சுற்றிக் கிளப்புகிற டீசல் என்ஜின். அதில் டைனமோ கிடையாது. கடலில் பேட்டரி சார்ஜ் ஆக வழியில்லை. அதனால் தினமும் நடுச்சாமத்துக்கு மேல் வீட்டிலிருந்து 400 மீட்டர் மணலில் அது தோளேறிப் போகும், மத்தியானம் தோளேறித் திரும்பி வரும்.

"ஏ மாப்ள, மீன் படுதோ படலையோ, இதத் தூக்கிட்டு வாறதுதான் நெசமான பாடு" என்றார்.

இலேசாக ஒன்று கட்டித் தருகிறேன் என்று வாய்விட்டது அன்றைக்குத்தான். அதன் கணக்கு இது. விலைகள் நான் கொடுத்தவை, அளவுகள் என் மீட்டரில் பார்த்தவை. உங்கள் ஊர்க் கடையில் பத்து இருபது ஏறி இறங்கலாம்.

பேட்டரி கட்டுகிறவர்கள் பலரும் செல் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது வள்ளத்திலிருந்து. நான்கு கருவிகளையும் ஒவ்வொன்றாக மல்ட்டிமீட்டர் வழியாக ஓட்டிப் பார்த்தேன். ஆழமும் பாரும் (கடலடிப் பாறை) காட்டுகிற எக்கோ 0.45 ஆம்பியர். ஜி.பி.எஸ். 0.3. எல்.இ.டி. விளக்கு 0.4. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 0.3, பட்டனை அழுத்திப் பேசும்போது 5 ஆம்பியர். அத்தான் கிளம்புவது இரவு 2 மணி, கரை பிடிப்பது பகல் 12. பத்து மணி நேரம் ஜி.பி.எஸ். எரிந்தால் 3 ஏ.எச்.; வயர்லெஸ் கேட்பதற்கு இன்னொரு 3. பேசுவது எல்லாம் சேர்த்து 6 நிமிடம் என்று வைத்தால் 0.5. விளக்கு விடியலுக்கு முன் 3 மணி நேரம், 1.2. எக்கோவைப் பார் தேடும்போதும் பார் மேல் நிற்கும்போதும்தான் போடுகிறார்; 6 மணி நேரத்துக்கு 2.7. ஆகமொத்தம் 10.4 ஏ.எச். 12.8 வோல்ட்டில் பெருக்கினால் 133 வாட்-மணி.

10.4 தானே வேண்டும், 35 எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் போய்விடும். கார் பேட்டரியின் நிலைமை இன்னும் மோசம். என்ஜினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் தருவதற்கென்றே மெல்லிய தகடு வைத்துச் செய்தது அது. மெதுவாக, ஆழமாக உறிஞ்சினால் தாங்காது. ஆக 35 என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாக எடுக்கக்கூடியது 17.5 தான், சுமார் 210 வாட்-மணி. 9.8 கிலோவுக்கு 210 என்றால் கிலோவுக்கு 21.

லித்தியம் என்று முடிவானதும் எந்த லித்தியம் என்ற கேள்வி வந்தது. லேப்டாப்பிலும் பவர் பேங்கிலும் இருக்கிற 18650 வகைதான் எடை குறைவு. 2.6 ஏ.எச். செல் 21 போட்டால் ஒரு கிலோவில் வேலை முடிந்துவிடும். ஆனால் வோல்ட் ஒத்துவரவில்லை. மூன்றை வரிசையில் கோத்தால் 12.6-இல் தொடங்கி 9 வரை இறங்கும். கருவிகள் அதற்கு முன்பே கண்ணை மூடிவிடும். நான்கைக் கோத்தால் 16.8 வரை ஏறும், வயர்லெஸ் 13.8 வோல்ட்டுக்குச் செய்தது, அவ்வளவு தாங்காது. இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8, முழுச் சார்ஜில் 14.6. கார் பேட்டரி இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். எடை 700 கிராம் கூடும், கூடட்டும். டீசல் கேன் இருக்கிற வள்ளத்தில் எளிதில் தீப்பிடிக்காத செல் இருப்பதற்கு 700 கிராம் அதிகமில்லை.

இந்த இரும்பு பாஸ்பேட்டை 1997-இல் எழுதி வெளியிட்டது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு. அதற்கு முன்பே, எண்பதுகளில், இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்களை மின்முனையாக்கலாம் என்று அவரோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம், தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை வாசித்ததும் மந்திரம்தான். அத்தானிடம் இதைச் சொன்னேன். "நம்ம பக்கத்து ஆளா? அப்பம் ஒழுங்கா ஓடும்லா" என்றார்.

செல்லுக்கு வருவோம். நான் எடுத்தது 32700 அளவு: 32 மில்லிமீட்டர் குறுக்கு, 70 மில்லிமீட்டர் உயரம், மேலே அச்சடித்தது 6,000 எம்.ஏ.எச். தராசில் சராசரி 142 கிராம். மூன்று மூன்றாகப் பக்கவாட்டில் சேர்த்து, அப்படி நான்கு கூட்டத்தை வரிசையில் கோத்தால் 12 செல், 18 ஏ.எச். நான் 14 வாங்கினேன். அந்த இரண்டை உபரியாக வாங்கியது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொன்றையும் 1 ஆம்பியரில் நிரப்பி, 1 ஆம்பியரில் இறக்கி அளந்தேன். ஒரு சுற்றுக்கு 12 மணி நேரம், ஒரு தடவைக்கு 4 செல். நான்கு தடவையில் ஏறக்குறைய 50 மணி நேரம் சோதனைக் கருவி மேஜையில் ஓடியபடி இருந்தது. 12 செல் 5.6-க்கும் 5.9-க்கும் நடுவில் வந்தன. இரண்டு 4.1-இல் நின்றுவிட்டன. உறை பளபளப்பு, அச்சு எழுத்து எல்லாவற்றிலும் 14-ம் ஒரே மாதிரி. விற்றவரிடம் கேட்டதற்கு, போட்டோ அனுப்புங்கள் என்றார். 4.1-ஐப் போட்டோவில் எப்படிக் காட்டுவது?

சோதிக்காமல் அந்த இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்திருந்தால் அந்தக் கூட்டம் மட்டும் 14 ஏ.எச். ஆகியிருக்கும். வரிசையில் நிற்கிற நான்கில் மெலிந்தது எப்போது தீர்கிறதோ அப்போது மொத்தமும் நின்றுவிடும். மற்ற மூன்றில் மிச்சமிருப்பது யாருக்கும் ஆகாது. நல்ல 12-ஐயும் பெரியதோடு சிறியது சேர்த்து, ஒவ்வொரு கூட்டமும் 17.3-க்கும் 17.5-க்கும் இடையில் வரும்படி பிரித்தேன். ஆக எழுதியது 18, கைக்கு வந்தது 17.4. வாட்-மணியில் 223.

இனி செலவு, ரூபாயில்:

செல் 14, தலா 270: 3,780
பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும்) பலகை, 30 ஆம்பியர்: 450
செல் தாங்கி, நிக்கல் பட்டை, இன்சுலேஷன் பேப்பர், டேப்: 260
ஸ்பாட் வெல்டிங் கூலி: 300
2.5 சதுர மி.மீ. வயர் 6 மீட்டர், தலா 40: 240
எக்ஸ்.டி. 60 இணைப்பு, உள்வயர்: 150
ஃபியூஸும் அதன் கூடும்: 60
பிளாஸ்டிக் பெட்டி, கேபிள் கிளாண்ட், திருகு: 420
வோல்ட்மீட்டர், ரப்பர் மூடி சுவிட்ச்: 190
சிலிக்கான் பசை: 150
14.6 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர்: 950
கூரியர்: 180
மொத்தம்: 7,130

வேலைக்கு ஆன 12 செல்லின் விலை 3,240. மொத்தத்தில் 45 விழுக்காடு. பாதிக்கு மேல் போனது மின்சாரத்துக்கு அல்ல, அதைக் காவல் காப்பதற்கு. வாட்-மணிக்கு 14 ரூபாய் என்று செல் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குகிறவர் 32 ரூபாயில் கரையேறுவார்.

அந்த 260 ரூபாய் வரியில் 90 ரூபாய் வீண். முதலில் வாங்கிய பட்டை நிக்கல் என்றுதான் விற்கப்பட்டது. ஒரு துண்டை வெட்டி, கத்தரிக்கோலால் நாலு கோடு கிழித்து, டம்ளரில் கடல் தண்ணீர் பிடித்து இரவு முழுக்கப் போட்டுவைத்தேன். காலையில் கிழித்த கோடெல்லாம் செம்பழுப்பு. தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்திருந்தது. இரும்புத் தகட்டுக்கு நிக்கல் பூச்சு. மழை பார்க்காத வீட்டுக்குள் அது பல ஆண்டு இருக்கும், வள்ளத்தில் இருக்காது. இரண்டாவதாக வாங்கிய பட்டை மூன்று நாள் ஊறியும் வெள்ளையாகவே கிடந்தது. வெல்டிங் 96 புள்ளி, புள்ளிக்கு 3 ரூபாய். 288-க்கு 300 கொடுத்தேன்.

60 ரூபாய் ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எம்.எஸ். இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு என்று கடைக்காரரே கேட்டார். 30 ஆம்பியர் பலகை 30-ஐத் தாண்டினால்தான் யோசிக்கவே தொடங்கும். எல்லாக் கருவியும் ஓடும்போது வயர்லெஸில் பேசினாலும் வள்ளத்தின் தேவை 6.15 ஆம்பியர். எங்காவது வயர் உரசி 20 ஆம்பியர் ஓடினால் பலகை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும், மெல்லிய வயர் உருகும். 10 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கிறது.

வயருக்கு 240 கொடுத்ததற்கும் காரணம் உண்டு. அத்தானுக்கு நெடுநாள் புகார் ஒன்று: வயர்லெஸில் பேச பட்டனை அழுத்தினால் எக்கோ அணைந்து அணைந்து எரியும். பேட்டரி செத்துவிட்டது என்று அதற்காகவே ஒரு தடவை புதிது மாற்றியும் விட்டார். அணியத்தில் இருக்கும் பேட்டரியிலிருந்து கருவிகள் வரை ஓடிய வயர் 0.5 சதுர மி.மீ., மணி அடிக்கிற வயர். போக 3, வர 3 என்று 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.23 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.15 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. வயரில் அதே தூரத்துக்கு 0.24 வோல்ட்தான். இதை முதலிலேயே பார்த்திருந்தால் அத்தானுக்கு ஒரு பேட்டரி விலை மிச்சம். இதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

எடைக்கணக்கு: செல் 1,704 கிராம், பி.எம்.எஸ். 46, தாங்கி பட்டை வகையறா 150, சுவிட்ச் ஃபியூஸ் மீட்டர் 120, பெட்டி 430. கூட்டினால் 2,450. அதே மீன் தராசிலும் 2.45 கிலோ. முழுக்க வழித்தெடுக்காமல் பத்தில் ஒரு பங்கு விட்டுவைத்தால் எடுக்கக்கூடியது 200 வாட்-மணி, கிலோவுக்கு 82. 17.4 ஏ.எச். பெட்டி 35 ஏ.எச். பெட்டிக்கு ஏறத்தாழ ஈடு நிற்கிறது. குறைந்த 7.35 கிலோவால் டீசல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூண்டிலும் ஐஸும் ஆளும் ஏறுகிற வள்ளத்துக்கு அது தூசு. லாபம் தோளுக்குத்தான். வருஷத்துக்கு 200 நாள் தொழில், நாளுக்கு இரண்டு நடை. 400 தடவை 7.35 கிலோ என்றால் 2,940 கிலோ.

முதல் நாள் கடலுக்குப் போய் வந்தபின் சார்ஜரில் போட்டபோது மீட்டர் காட்டியது 10.9 ஏ.எச். கணக்கைவிட 0.5 அதிகம், அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் நீண்டிருக்கிறது. இரண்டே கால் மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. பழையது எட்டு மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் கரண்ட் போனால் மறுநாள் எக்கோ இல்லாமல்தான் போவார். மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வருஷம் முழுக்க 31 யூனிட்.

40-ஆம் நாள் பெட்டி என் மேஜைக்குத் திரும்பி வந்தது. வோல்ட்மீட்டர் எழுத்து பாதி மறைந்திருந்தது. திறந்தேன். செல், பட்டை, பலகை எல்லாம் சுத்தம். மீட்டருக்காக நான் வெட்டிய சதுர ஓட்டையின் கீழ் விளிம்பில் மட்டும் உப்பு வெள்ளைப் பொடியாக நின்றது. மீட்டரின் இரண்டு செம்புக்கம்பியிலும் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒன்றைத் தொட்டதும் ஒடிந்து விழுந்தது. சுற்றிலும் பசை பூசியிருந்தேன். மீட்டரின் முகக்கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்ததைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. அதைவிடப் பெரிய தவறு, அந்த மீட்டரை வைத்ததே. இரும்பு பாஸ்பேட்டில் 90 விழுக்காடு இருக்கும்போது 13.3 வோல்ட், 40 விழுக்காட்டில் 13.1. பாதிக் கொள்ளளவு கரைவதை 0.2 வோல்ட்டில் கடலாட்டத்தில் யார் படிப்பது? ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். அத்தானுக்கு மணிக்கணக்குத்தான் மீட்டர்.

ஆண்டுக்கணக்கு ஒன்றுதான் பாக்கி. நான்கு வருஷத்தில் அவர் வாங்கியது மூன்று கார் பேட்டரி, பழையதைக் கொடுத்தது போக தலா 3,800. ஆண்டுக்கு 2,850. என் பெட்டி இரண்டரை வருஷம் ஓடினால் கை நட்டமில்லை. மூன்று ஓடினால் ஆண்டுக்கு 2,377. செல் உறையில் 2,000 சுழற்சி என்று போட்டிருக்கிறது. வருஷம் 200 என்றால் பத்து வருஷம். அதை நான் நம்பவில்லை. செல் சாவதற்கு முன்னால் உப்பு எங்காவது வழி கண்டுபிடித்துவிடும். 50 மணி நேரச் சோதனையும், கட்டிய 9 மணி நேரமும் இதில் ஏறவில்லை. ஏற்றினால் அத்தான் எனக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்.

கழித்த இரண்டு செல் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: ஒன்றை எல்.இ.டி.யோடு இணைத்து ஒரு கைவிளக்கு செய்து கொடுத்தேன். அக்கா நடுச்சாமத்தில் எழுந்து அத்தானுக்குச் சோறு கட்டும்போது அடுப்படியில் அதுதான் எரிகிறது. அந்த 540 ரூபாயை நட்டத்தில் எழுதாதே என்கிறாள். 270-ஐ மட்டும் எடுத்துவிட்டேன்.