கடை வாசலில் ஒருவர் நிலை தவறி நின்றால்...

கடைத்தெருவில் இருக்கும் நமக்கு இது புதிய காட்சி அல்ல. காலை வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் கடை முன் வந்து நிற்பார். தனக்குத்தானே பேசுவார், திடீரென்று கத்துவார், அடுக்கி வைத்த சரக்கைத் தள்ளிவிடுவார். வாடிக்கையாளர்கள் ஒதுங்கிப் போவார்கள். கடைப் பையன்கள் விரட்டிப் பார்ப்பார்கள். முடியாத பட்சத்தில் நாம் போலீசுக்குப் போன் செய்வோம். அதன் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். எண்ணெய்க் கடை முன் ஒரு வாலிபர் ஷட்டர் இழுக்கும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையும் அடிக்கவில்லை; யாரோ தன்னைத் துரத்துவதாகக் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் போனில் சொன்னது, "ரவுடி ஒருவன் ஆயுதத்தோடு கலாட்டா செய்கிறான்" என்று. வந்த போலீசார் அதற்குத் தகுந்தபடியே லத்தியோடு இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கடை கடையாக ஏறி மகனைத் தேடி வந்தார். "மாத்திரையை நிறுத்திட்டான் ஐயா" என்றார். போலீசாரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்கள் நம்பி வந்தது எங்கள் வார்த்தையை அல்லவா?

இப்படிப்பட்ட அழைப்புக்குப் போகும் போலீசாருக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. அது உருவான விதம் வியாபாரிகளாகிய நாம் அறியத் தக்கது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நகரம் மெம்பிஸ். பருத்தி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். மளிகைக்காரர்களுக்கு அந்த ஊரோடு இன்னொரு சம்பந்தமும் உண்டு. வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து சாமானை எடுத்து வந்து வாசலில் பணம் கட்டும் கடையை, கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916-ல் 'பிக்லி விக்லி' என்ற பெயரில் அங்கேதான் திறந்தார். இன்று நம்மோடு போட்டி போடும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அதுதான் பாட்டன். அது கிடக்கட்டும்.

அந்த ஊரில் 1987 செப்டம்பர் மாதம், மனநோய் உள்ள 27 வயது வாலிபர் ஒருவர் தாயார் வீட்டுக்கு வெளியே கத்தியால் தன்னைத்தானே கீறிக்கொண்டிருந்தார். போலீசுக்குத் தகவல் போனது. வந்தவர்கள் கத்தியைக் கீழே போடும்படி உத்தரவிட்டார்கள். அவர் போடவில்லை. சுட்டுவிட்டார்கள். இறந்தவர் கறுப்பர், சுட்டவர்கள் வெள்ளையர், ஊர் கொதித்தது. போலீஸ் துறை, மனநோயாளிகளின் குடும்பத்தார் சங்கம், பல்கலைக்கழகங்கள், மருத்துவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி, 1988-ல் 'நெருக்கடித் தலையீட்டுக் குழு' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். போலீஸ் அதிகாரி சாம் காக்ரனும், மனநல நிபுணர் ராண்டால்ப் டுபான்ட்டும் இதில் முன்னின்றவர்கள்.

பயிற்சி 40 மணி நேரம். அதாவது ஒரு வார வேலை. எல்லாப் போலீசாரையும் பிடித்து உட்கார வைக்கவில்லை. விருப்பத்தோடு முன்வந்த ரோந்துக் காவலர்களிலிருந்துதான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு இந்த அம்சம் மிகவும் சரியாகப் படுகிறது. மனமில்லாத ஆளைக் கல்லாவில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா! போனை எடுத்துத் தகவல் வாங்குபவர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். அழைப்பு எப்படிப்பட்டது என்று அவர்கள் கண்டுகொண்டால்தானே சரியான ஆள் போக முடியும்.

அங்கே கற்பிப்பது என்ன? நோயின் அறிகுறிகள், மருந்துகள், சட்டம் ஆகியவை பாடமாக வரும். நோயிலிருந்து தேறியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நேரில் வந்து பேசுவார்கள். பிறகு, நாடகம் போல் நடித்துப் பழகுவார்கள். சாதாரணப் போலீஸ் வேலையில் உத்தரவு போடுவதும், கேட்காவிட்டால் பலத்தைக் காட்டுவதும், சீக்கிரம் முடிப்பதும் வழக்கம். ஆனால் காதுக்குள் குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நான்கு பேர் சேர்ந்து அதட்டினால் ஒன்றும் புரியாது. அவர் கீழ்ப்படியாமல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் விபரீதம் பிறக்கிறது. ஆகவே தள்ளி நிற்பது, ஒருவர் மட்டும் பேசுவது, தன் பெயரைச் சொல்லி மெதுவான குரலில் ஆரம்பிப்பது, அவர் சொல்வதைப் பொய் என்று வாதாடாமல் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்பது, நேரம் ஆனாலும் பொறுப்பது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

இதோடு நின்றிருந்தால் மெம்பிஸ் பெயர் இவ்வளவு பரவியிருக்காது. போலீசார் அழைத்து வரும் எவரையும் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்றை அங்கே ஏற்பாடு செய்தார்கள். காவலர் மணிக்கணக்கில் வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். கிடங்கில் இடமில்லாமல் சரக்கை வரவழைத்தால் லாரி தெருவில்தான் நிற்கும்; இதுவும் அப்படித்தான். அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் இந்த முறையைப் பின்பற்றியிருக்கின்றன. பயிற்சி பெற்ற காவலர்களின் அறிவும் அணுகுமுறையும் மாறுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கைதும் பலப்பிரயோகமும் குறைந்தனவா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆஸ்பத்திரிக் கதவு மூடியிருக்கும் ஊரில் பயிற்சி மட்டும் என்ன செய்துவிடும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தெருவில் திரிபவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலையில் இருப்பவரையும் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அதன் 100-வது பிரிவு சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடு வாசல் தெரியாதவராயின், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து குடும்பத்தாரைத் தேட வேண்டும். போலீசாருக்கு அவ்வப்போது இதில் பயிற்சி தருவது அரசின் கடமை என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நம் பக்கத்து ஸ்டேஷனில் அப்படிப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஊருக்கு ஊர் நமது சங்கங்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்துக் கேட்கலாம்.

நம் பங்குக்கு, 112-க்குப் போன் செய்யும்போது கண்டதை மட்டும் சொல்வோம். "ஒருவர் மனநிலை சரியில்லாதவர் போலத் தெரிகிறார், கையில் கம்பி இருக்கிறது, இதுவரை யாரையும் அடிக்கவில்லை, தனியாக நிற்கிறார்" என்றால் போதும். கையில் ஆயுதம் இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். போலீசார் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுக்கும் செல்போன்களை ஒதுக்கச் சொல்லலாம். பையன்களைக் கடைக்குள் அழைத்துக்கொள்ளலாம். அருகில் போகாமல், ஒரு தம்ளர் தண்ணீரை அவர் எடுக்கும் தூரத்தில் வைக்கலாம்.

ஆபத்தான நிலை இல்லை, யோசனை மட்டும் வேண்டும் என்றால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். எங்கள் தெருக் கடைகளில் இந்த எண்ணைச் சீட்டில் எழுதி, கல்லாவுக்கு மேலே தீயணைப்பு நிலைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எண்ணெய்க் கடைக்காரர் மட்டும் அதன் கீழேயே, போனில் சொல்ல வேண்டிய நான்கு வரியையும் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.