இருபத்துநான்காம் தேதி மாலை

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா ஆண்டுதோறும் தவறாமல் டிசம்பர் 25ஆம் நாளே வருகின்றது. உயிர்ப்பு விழாவைப் போல அது முன்னும் பின்னும் நகர்வதில்லை. இருந்தும், நம் இல்லங்கள் பலவற்றில் அது சொல்லாமல் வந்து கதவைத் தட்டிய விருந்தாளியைப் போலவே எதிர்கொள்ளப்படுகின்றது. 24ஆம் தேதி மாலையில் தந்தை தையற்கடை வாசலில் காத்து நிற்பார். தாய் எண்ணெய்ச் சட்டியின் முன்னே வியர்த்து அமர்ந்திருப்பார். நட்சத்திர விளக்கு எரியவில்லை என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருப்பர். இரவு பதினொன்றரை மணிக்கு ஓட்டமும் நடையுமாக அனைவரும் கோவில் போய்ச் சேருவர். வானவர் கீதம் முழங்கி மணிகள் ஒலிக்கும் அந்த நேரத்தில், அதிகாலை முதல் நின்றுகொண்டே இருந்த அந்தத் தாய் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுகிறார்.

அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. குழந்தை இயேசுவை வரவேற்க இவ்வளவும் செய்த வீட்டில், அவரை விழித்திருந்து வரவேற்க ஒருவருக்கும் வலுவில்லாமற்போவது எப்படி?

திருச்சபையின் வழிபாட்டு ஆண்டை உற்று நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். திருவருகைக்காலம் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. ஆண்டுக்கேற்ப அது குறைந்தது 22 நாளும் மிகுந்தால் 28 நாளுமாக அமையும். கிறிஸ்து பிறப்புக்காலமோ 25ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. எட்டாம் நாளாகிய சனவரி 1 அன்று அன்னை மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா. இடையே திருக்குடும்ப விழா. பின்னர் மூன்று அரசர் திருநாள் என்று நம் மக்கள் வழங்கும் திருக்காட்சி விழா. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் அக்காலம் நிறைவுறுகின்றது. ஆக, தாய்த் திருச்சபை நமக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களை வகுத்துத் தந்திருக்கிறது. நாம் அவற்றை இரண்டே நாள்களில் திணித்து மூச்சுத் திணறுகிறோம்.

எனவே இக்கட்டுரை பரிந்துரைப்பது ஒரே ஓர் ஏற்பாடுதான். 24ஆம் தேதி நண்பகலோடு வேலைகள் அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். அன்று மாலை வீடு ஓய்ந்திருக்கட்டும். அதற்கு முன் முடிக்கத்தக்கவற்றைத் திருவருகைக்காலத்திற்கும், பின்னர் செய்யத்தக்கவற்றைக் கிறிஸ்து பிறப்புக்காலத்திற்கும் பகிர்ந்துவிடலாம்.

இது புதுமையன்று. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாளாகும். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒருசந்தி ஒழுங்குகளைத் திருத்தியமைத்தபின் அக்கடமை நீங்கிற்று. கடமை நீங்கியதில் தவறில்லை. ஆனால் ஒருசந்தியோடு சேர்ந்து அந்நாளின் அமைதியும் நம்மைவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு கஞ்சியும் துவையலும் போதும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்துகொண்டால், அடுப்பும் ஓய்வு பெறும், அடுப்பின்முன் நிற்பவரும் ஓய்வு பெறுவார்.

சமையலறைதான் மிகப் பெரிய சுமை என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். நம் பலகாரங்களிற் பெரும்பாலானவை முன்கூட்டியே செய்து வைப்பதற்கென்றே ஏற்பட்டவை. பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முற்றிலும் காயாமல் நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப்பாகில் கிளறிய அதிரச மாவு இரண்டு மூன்று நாளாவது ஊறினால்தான் பதம் வரும். அவசரப்பட்டு அன்றே சுட்டால் எண்ணெயிற் பிரிந்து போவதை அனுபவமுள்ளோர் அறிவர். முறுக்கும், கலகலாவும், அச்சு முறுக்கும், தென்பகுதியினர் விரும்பும் முந்திரிக்கொத்தும் ஈரம் புகாத டின்களில் இரண்டு வாரங்கூடக் கெடாமலிருக்கும். டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் ஒரு பலகாரம், மூன்றாம் வார இறுதியில் மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் 24ஆம் தேதிக்கு எண்ணெய்ச் சட்டியே தேவைப்படாது. ஐந்து வகை வேண்டியதில்லை. இரண்டு வகை போதும். முறுக்குப் பிழிவதற்கு வலுவான கை வேண்டும். அது வீட்டில் யாரிடம் இருக்கின்றது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தந்தையும் வளர்ந்த ஆண்மக்களும் உழக்கைப் பிடித்துக் கொஞ்சம் உழைத்தால், திருக்குடும்பத்தைப் பற்றிய மறையுரை ஒன்றை வீட்டிலேயே ஆற்றியதாகும்.

பலகாரம் பகிர்வதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்பதில்லை. தீபாவளிக்கும் ரம்சானுக்கும் நமக்கு அனுப்பிய அண்டைவீட்டாருக்கு 26, 27ஆம் தேதிகளில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஐந்து நிமிடம் அமர்ந்து பேசிவிட்டு வரலாம். வாசலில் நின்று தட்டை நீட்டிவிட்டு ஓடுவதைக்காட்டிலும் அது மேலானது.

அடுத்தது பணம். போனசு பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே வருகின்றது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது கரைந்துவிடும். விளைவு, கைமாற்று அல்லது அடகுக்கடை. நூற்றுக்கு மூன்று வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கினால் மாதந்தோறும் 300 ரூபாய் வட்டிக்கே போகும். முதல் அப்படியே நிற்கும். அதே 300 ரூபாயைச் சனவரி முதல் நவம்பர் வரை ஒரு டப்பாவில் போட்டு வந்தால் 3,300 ரூபாய் கையிருப்பாகும். அதற்குள் அடங்கும் விழாவே அக்குடும்பத்தின் விழா. பிள்ளைகளிடம் இதை ஒளிக்க வேண்டாம். "இவ்வாண்டு நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எதை வாங்கலாம், எதை விடலாம்?" என்று திருவருகையின் முதல் ஞாயிறன்று அவர்களையும் அமர்த்திப் பேசினால், பத்து வயதுப் பிள்ளையும் வியக்கத்தக்க நியாயத்தோடு விடை சொல்லும். வின்சென்ட் தே பவுல் சபைக்கோ அன்பியத்தில் வாடும் ஒரு வீட்டிற்கோ ஒரு பங்கு ஒதுக்குவதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு இரண்டாம் வாரமே போய்விடுவது நலம். கடைசி இரண்டு நாள் வரிசையையும் குருவானவரின் களைப்பையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

குடிலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்களுக்கு வேறென்ன வேலை? 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் சொரூபங்களே இல்லை. வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, சுற்றிலும் ஊர்மக்கள், அவ்வளவே. 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வூருக்கே சென்று, குடிலின் பொருள் குறித்துத் திருத்தூது மடல் ஒன்றில் கையொப்பமிட்டார். ஆகவே விலையுயர்ந்த சொரூபங்கள் இல்லையே என்று எவரும் வருந்த வேண்டாம். டிசம்பர் 12 அளவில் தேங்காய்ச் சிரட்டையிலோ தட்டிலோ கேழ்வரகை விதைத்துத் தெளித்து வந்தால், விழாவிற்குள் பசும்புல் வளர்ந்திருக்கும். குழந்தை இயேசுவை 24ஆம் தேதி இரவும், மூன்று அரசர்களைத் திருக்காட்சி விழாவன்றும் குடிலில் வைக்கலாம். அதுவரை அவர்கள் அலமாரியின் மேலிருந்து நாளுக்கொரு சாண் நடந்து வரட்டும். சிறுவர்க்கு இதில் உள்ள மகிழ்ச்சி சொல்லி முடியாது.

கைக்குழந்தையும் நோயுற்ற முதியோரும் உள்ள வீட்டார், நள்ளிரவுத் திருப்பலிக்கே வந்தாக வேண்டுமென்று வருத்திக்கொள்ளத் தேவையில்லை. இரவு, விடியல், பகல் என்று அந்நாளுக்கு மூன்று திருப்பலிகளைத் திருச்சபை வகுத்திருக்கிறது. இடையர்கள் குழந்தையைக் கண்ட நற்செய்தி வாசிக்கப்படுவது விடியற்காலைத் திருப்பலியிலேதான்.

எல்லா வீடுகளிலும் விழா ஒரேபோல் இருப்பதில்லை. அவ்வாண்டு ஒருவரை இழந்த வீட்டில், ஆண்டு நிறையும்வரை பலகாரம் சுடாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவர்களைத் தேற்றுகிறோம் என்று கூட்டமாகப் போக வேண்டாம். 24ஆம் தேதி மாலை ஒருவரோ இருவரோ சென்று, அவர்களோடு ஒரு செபமாலை சொல்லி, கோவிலுக்கு உடன் அழைத்துச் செல்லலாம். மகனோ மருமகனோ வளைகுடா நாட்டில் இருந்தால், அங்கே 25ஆம் தேதி பெரும்பாலும் வேலை நாளே. சவூதியில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிள்ளை கைப்பேசியில் அழைக்கும்போது, "அடுப்பில் வேலையாயிருக்கிறேன் தம்பி, அப்புறம் பேசு" என்று சொல்லாமலிருக்கத்தான் அந்த மாலை ஓய்ந்திருக்க வேண்டும்.

ஆண்டவரின் திருமுழுக்கு ஞாயிறு மாலையில் குடிலைக் கலைக்கலாம். சொரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது, இவ்வாண்டு எத்தனை படி மாவு செலவாயிற்று, எந்தப் பலகாரம் மிஞ்சிற்று, எது தேவையே படவில்லை, எவர் வீட்டிற்குப் போக மறந்தோம் என்று ஒரு தாளில் குறித்து அதனுள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த திருவருகைக்காலத்தில் பெட்டியைத் திறப்பவர் கைக்கு முதலில் அந்தத் தாள் கிடைக்கும்.