நிரல் நடைவிதியும் தானியங்கிச் சோதனையும்

கணிப்பொறி நிரலைப் பொறியேயன்றி மனிதரும் படிக்கின்றனர். பலர் கூடி எழுதும் நிரலில் ஆளுக்கொரு நடை அமையின் படிப்போர் இடர்ப்படுவர். ஆதலின் நிரலர் தம்முள் நடைவிதிகளை வகுத்துக்கொண்டனர். பைத்தான் மொழிக்குரிய பெப் 8 என்னும் வழிகாட்டி 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. அம்மொழியை ஆக்கிய கைடோ வான் ராசம் அதன் ஆசிரியருள் ஒருவர். ஒரு வரி 79 குறியுருக்களைக் கடத்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று.

நிரலை இயக்காமலே ஆராயும் கருவிகள் புதியன அல்ல. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கென 'லிண்ட்' என்பதை அமைத்தார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகள் என்பது அச்சொல்லின் பொருள். அது தேடியது ஐயத்திற்குரிய தொடர்களை. இடைவெளியையும் வரிநீளத்தையும் அளக்கும் கருவிகள் பின்னர் வந்தன. பெப் 8 விதிகளைச் சரிபார்க்கும் கருவி, நிரலைச் சிறு கூறுகளாகப் பிரித்து, பிழை தோறும் ஒரு குறியீட்டெண்ணை அறிவிக்கிறது. நீண்ட வரிக்கு ஈ501 என்பது எண்.

இக்கருவியைச் சோதனைத் தொகுதிக்குள் ஒரு சோதனையாகவே சேர்த்துவிடும் திட்டங்கள் உள. பிழை எண்ணிக்கை சுழியாக இல்லையேல் தொகுதி முழுவதும் தோல்வி என அறிவிக்கப்படும். நிரல் பிழையின்றி இயங்கினும், வரியிறுதியில் எஞ்சிய ஒரு வெற்றிடத்தால் புதியவர் ஒருவரின் பங்களிப்பு வாயிலிலேயே நின்றுவிடலாம். அறிவுரையாகப் பிறந்தது இங்கே கட்டளையாகிறது. கருவிக்கும் முதலில் வழிகாட்டியின் பெயரே இருந்தது. இரண்டும் ஒன்றெனக் கருதும் மயக்கம் நேர்ந்தமையால், வான் ராசமே வேண்ட, 2016இல் அது 'பைகோட்ஸ்டைல்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

விதிகளும் நிலையானவை அல்ல. நீண்ட கணிதத்தொடரைச் செயற்குறிக்குப் பின் முறிப்பதையே வழிகாட்டி முன்னர் விரும்பியது. 2016இல் முன்னே முறிப்பதே நன்று என்றது. கருவியிலோ முன்னே முறித்தலைக் குற்றமென்னும் விதியும் பின்னே முறித்தலைக் குற்றமென்னும் விதியும் ஒருங்கே உள்ளன. இயல்பாக இரண்டும் செயற்படா. ஒரு திட்டத்தார் தாம் விலக்க விரும்பும் விதிகளுக்குத் தனிப் பட்டியல் தந்தால், இயல்பான விலக்குப் பட்டியல் நீங்கி, இரண்டும் விழித்தெழும். அதன்பின் அத்தொடரை எப்பக்கம் முறிப்பினும் குற்றமே!

தமிழில் குறிப்புரை எழுதுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால் கருவி அதனை ஐந்தாக எண்ணும். 79 என்னும் அளவு, 80 நிரை கொண்ட பழைய திரைகளின் அகலத்தையொட்டி எழுந்தது. உரோமன் எழுத்தில் எண்ணிக்கையும் அகலமும் பொதுவாக ஒத்துவரும். தமிழ் வரியோ திரையில் இடமிருக்கும்போதே 'நீண்டது' எனத் தள்ளப்படுகிறது.

நம் இலக்கண நூலார் விதிகளுக்குப் புறனடையும் வகுத்தனர். இக்கருவியிலும் வரியிறுதியில் ஒரு குறிப்பிட்டு அவ்வரிக்கு விலக்குப் பெறலாம். எனினும் வரிதோறும் விலக்குக் கேட்பதினும், தமிழ்க் குறிப்புரை மிகுந்த கோப்புகளுக்கு வரிநீள வரம்பை உயர்த்துதல் எளிது. நடைச் சோதனையை இயக்கச் சோதனையினின்று பிரித்துத் தனியே ஓட்டுதலும், கருவியின் பதிப்பெண்ணை நிலைப்படுத்துதலும் வேண்டும். இல்லையேல் கருவி புதுப்பிக்கப்பட்ட மறுநாள், எவரும் தொடாத நிரலும் தோல்வியுறக்கூடும்.